முதல் ரோட்டரி டூல்: பெட்டியில் எந்த எண்ணைப் பார்ப்பது?

ரோட்டரி டூல் வாங்கக் கடைக்குப் போனால் பெட்டியில் பெரிய எழுத்தில் மூன்று எண்கள் கண்ணில் படும். நிமிடத்துக்கு 35,000 சுற்று. 180 வாட். 150 துணைச் சாமான்கள். கப்பல், விமானம், தேர், பழைய கார் என்று சின்ன மொடல்கள் செய்கிற ஒருவருக்கு இந்த மூன்றும் பெரிதாக உதவாது. அவருக்கு வேண்டிய எண் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும்: கருவி எவ்வளவு மெதுவாகச் சுற்றும் என்பது. சிலவற்றில் அது 5,000. மலிவான பலவற்றில் 8,000 அல்லது 10,000. சில பெட்டிகளில் அதை அச்சிடுவதே இல்லை. தேர்வு அந்த எண்ணில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலில் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. கையில் அடங்கும் ஒரு மோட்டர். அதன் முனையில் கொலெட் என்ற சின்ன உலோகக் குழாய். அதன் வாய் பல இடங்களில் கீறப்பட்டிருக்கும். மேலே உள்ள நட்டை இறுக்கினால் அந்த வாய் ஒடுங்கி, உள்ளே விட்ட பிட்டின் தண்டைக் கவ்விக்கொள்ளும். பிட்டை மாற்ற மாற்ற அதே கருவி துளையிடும், அறுக்கும், செதுக்கும், தேய்க்கும், மினுக்கும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து ரசீன் நகரில் ஆல்பர்ட் டிரெமெல் என்பவர் 1932 இல் தொடங்கிய கொம்பனியால் இது வீட்டு மேசைக்கு வந்தது. 1993 முதல் அந்தக் கொம்பனி பொஷ் கைக்குப் போய்விட்டது. யாழ்ப்பாணத்துக்கும் இது முற்றிலும் புதிய சாமான் அல்ல. நகைப் பட்டறையில் கொக்கியில் தொங்கும் மோட்டரும் அதிலிருந்து வளைந்து இறங்கும் கேபிளும், பல் கட்டும் இடத்தில் இருக்கும் சின்ன மைக்ரோ மோட்டரும் இதே குடும்பம்தான்.

கடையில் கேட்கும்போது ஒரு கவனம். "மினி கிரைண்டர்" என்று கேட்டால் சில இடங்களில் டை கிரைண்டரை எடுத்து வைப்பார்கள். அது வேறு. 6 மி.மீ. தண்டுள்ள பிட் போடுவது, பல நூறு வாட் சக்தி உள்ளது, வெல்டிங் கடைக்கு உரியது. இரும்புப் படலையின் ஒட்டைத் தேய்க்க நல்லது. 1/72 அளவு விமானத்தின் சிறகுக்கு ஆகாது.

வேகம் என்றால் என்ன?

வீட்டு ட்ரில் மெஷினில் பலம் இருக்கிறது, வேகம் குறைவு. ரோட்டரி டூலில் தலைகீழ்: பலம் குறைவு, வேகம் அதிகம். அழுத்தினால் மோட்டர் நின்றுவிடும். அது வெட்டுவது வேகத்தால்தான். தேங்காயைத் திருவலையில் அழுத்தித் திருவினால் சிரட்டையின் கறுப்பும் சேர்ந்து வரும், மெல்லத் தொட்டுத் தொட்டுத் திருவினால் பூ வெள்ளையாக விழும். இந்தக் கருவியைப் பிடிக்க வேண்டிய கையும் அந்தத் தொட்டுத் திருவுகிற கைதான்.

அப்படியென்றால் வேகம் கூடக் கூட நல்லது தானே என்று தோன்றும். இங்கேதான் புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் குழம்புகிறார்கள். பொருளைத் தொடுவது மோட்டரின் நடுத்தண்டு அல்ல, பிட்டின் விளிம்பு. அந்த விளிம்பு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது சுற்றுகளின் எண்ணிக்கையோடு பிட்டின் விட்டத்தையும் பொறுத்தது. விட்டத்தை 3.14 ஆல் பெருக்கி, வருவதை நிமிடச் சுற்றால் பெருக்கினால் விளிம்பு வேகம் கிடைக்கும். அரத்தாள் சுற்றிய, 13 மி.மீ. விட்டமுள்ள தேய்ப்பு உருளையை எடுப்போம். 5,000 சுற்றிலேயே அதன் விளிம்பு நிமிடத்துக்கு 204 மீற்றர் ஓடிவிடுகிறது. பர் என்பது வெட்டும் பற்கள் உள்ள சின்ன பிட்; 3 மி.மீ. பர் ஒன்று அதே விளிம்பு வேகத்தை எட்ட ஏறக்குறைய 21,700 சுற்று வேண்டும். ஆகவே "பிளாஸ்டிக்குக்கு எத்தனையில் வைப்பது?" என்று பிட்டைச் சொல்லாமல் கேட்டால் விடை சொல்ல முடியாது. பெரிய உருளைக்கு மிகக் கீழே வைக்க வேண்டும். ஊசி போன்ற பர்ருக்குக் கொஞ்சம் மேலே போகலாம்.

இனி சூடு. விளிம்பு உரசுகிற இடத்தில் சூடு உண்டாகும். மரம் கருகும், ஆனால் உருகாது. உலோகம் சூட்டைக் கடத்திக்கொண்டு போய்விடும். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது, உருகிவிடும். தமியா, ஏர்ஃபிக்ஸ் போன்ற கொம்பனிகளின் கிற்கள், அதாவது பாகங்களாக வரும் மொடல் பெட்டிகள், பொலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. சுமார் 100 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். 3டி பிரிண்டரில் அதிகம் ஓடுகிற பி.எல்.ஏ. இன்னும் மோசம், 60 பாகையிலேயே தளர்ந்துவிடும். வெய்யிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலே வளைகிற பொருள் அது. 10,000 சுற்றில் ஓடுகிற 13 மி.மீ. உருளையை அதன்மேல் வைத்தால் ஒரு நொடிக்குள் மேற்பரப்பு கூழாகும். வெட்டின துகள் பறக்காமல் இழையாக இழுபடும், பிட்டைச் சுற்றி உருண்டையாக ஒட்டும், பிறகு அந்த உருண்டையே மொடலில் மோதிப் பள்ளம் தோண்டும். கை பழகினால் சரிவரும் என்று நினைக்க வேண்டாம். 10,000 இல் தொடங்குகிற கருவியில் எந்தக் கைக்கும் அது கஷ்டம்.

அதனால்தான் குறைந்த வேகத்தைப் பாருங்கள் என்கிறேன். பிளாஸ்டிக்கும் 3டி பிரிண்டும்தான் உங்கள் வேலை என்றால் 5,000 அல்லது அதற்கும் கீழே இறங்குகிற கருவியாக இருக்க வேண்டும். மரம் மட்டும் என்றால் 8,000 சமாளிக்கலாம். 230 வோல்ட்டுக்கான டிரெமெல் 3000 இன் தொடக்கம் 10,000. அதே கொம்பனியின் 4000 ஆம் இலக்க மொடல் 5,000 இல் தொடங்கி 35,000 வரை போகும். ஜெர்மனியில் புகழ்பெற்ற புரொக்சொன் கொம்பனியின் எஃப்.பி.எஸ். 240 வகை 5,000 இல் தொடங்கி 20,000 இல் நின்றுவிடும். உச்ச வேகம் குறைவு என்று அதை ஒதுக்கக் கூடாது. மொடல் வேலையின் பெரும்பகுதி அந்த 20,000 க்குள்ளேயே முடிந்துவிடும்.

மெதுவாகச் சுற்றினால் போதுமா? போதாது. மெதுவாகச் சுற்றும்போது பலமும் இருக்க வேண்டும். மலிவான கருவிகளில் வேகத் திருகியைக் கீழே இறக்கினால் மோட்டருக்குப் போகிற மின்சாரத்தை வெறுமனே குறைத்துவிடுவார்கள். காற்றில் அழகாகச் சுற்றும், மரத்தில் தொட்டதும் நிற்கும். நல்ல கருவியில் உள்ள மின்னணுச் சுற்று பாரம் ஏறுவதை உணர்ந்து மின்சாரத்தைக் கூட்டிக் கொடுக்கும். இதை விளம்பர வாசகத்தில் பார்த்து அறிய முடியாது, கையில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்ரான்லி வீதிப் பக்கத்து ஹாட்வெயார் கடைகளில் "அண்ணை, இதை ஒருக்கால் போட்டுக் காட்டுங்கோ" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். சட்டைப்பையில் ஒரு சின்ன மரத்துண்டு கொண்டுபோங்கள். தேய்ப்பு உருளையைப் போட்டு, வேகத்தை அடியில் வைத்து, மரத்தை மெல்லத் தொடுங்கள். நின்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

ஆட்டம்

குறைந்த வேகத்துக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது பிட் ஆடாமல் சுற்றுகிறதா என்பது. கொலெட்டும் மோட்டரின் முன்பக்கப் பெயரிங்கும் நேராக இல்லாவிட்டால் பிட்டின் நுனி ஒரு புள்ளியில் நிற்காமல் சின்ன வட்டம் போடும். 1 மி.மீ. துளை 1.3 மி.மீ. ஆகும். மெல்லிய பிட் உடையும். கைக்கு அதிர்வு ஏறி, அரை மணித்தியாலத்தில் விரல் மரத்துப்போகும்.

பார்ப்பது எளிது. கருவியை நிறுத்திவைத்து, கொலெட் நட்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அசைவு தெரிந்தால் வேண்டாம். பிறகு நீளமான, நேரான ட்ரில் பிட் ஒன்றைப் போட்டு மெதுவாக ஓடவிட்டு நுனியைப் பாருங்கள். ஒரு கோடாகத் தெரிந்தால் சரி. மங்கலான இரண்டு கோடாகத் தெரிந்தால் ஆடுகிறது. வேறொரு பிட்டையும் போட்டுப் பார்ப்பது நியாயம், ஏனென்றால் சில வேளை பிட்டே வளைந்திருக்கும்.

இதில் அளவுக் குழப்பம் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். டிரெமெல் வழி வந்த கருவிகளின் வழக்கமான கொலெட் 3.2 மி.மீ., அதாவது எட்டில் ஒரு அங்குலம். சந்தையில் மலிவாகக் கிடைக்கிற பல பிட்களின் தண்டு 3 மி.மீ. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. 3.2 கொலெட்டில் 3 மி.மீ. தண்டைப் போட்டு இறுக்கினால் ஒரு ஓரத்தில் மட்டும் கவ்வும், வேகம் ஏறியதும் ஆடும், சில வேளை வழுக்கி வெளியே வரும். பல் வைத்தியப் பிட்களின் தண்டு 2.35 மி.மீ.; அவை 2.4 கொலெட்டில் வடிவாக இருக்கும். ஆகவே வாங்கும்போதே 1.6, 2.4, 3.2 கொலெட்டுகள் கருவியோடு வருகின்றனவா என்று கேளுங்கள். 3 மி.மீ. கொலெட்டும் கிடைத்தால் இன்னும் நல்லது. விரலால் இறுக்கும் மூன்று தாடைச் சக் ஒன்றும் விற்கிறார்கள். எந்தத் தண்டையும் பிடிக்கும், மாற்றுவதும் சுகம். ஆனால் கொலெட் அளவுக்கு நேராகப் பிடிக்காது. துளையிட மட்டும் அதைப் பாவியுங்கள். பக்கவாட்டில் செதுக்கும் வேலைக்கு வேண்டாம்.

கனடாவிலிருந்து வரும் பார்சல்

நம் ஊரில் நல்ல கருவி பெரும்பாலும் கடையிலிருந்து வருவதில்லை, உறவுகளின் பெட்டியில் வருகிறது. ரொறொன்ரோவிலிருந்து வருகிற சித்தப்பாவிடம் சொல்லிவிட்டால் அங்கே தள்ளுபடியில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அன்போடு வருகிற அந்தச் சாமான் முதல் நாளே எரிந்துபோவதை யாரும் விரும்பமாட்டார்கள். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே வாங்கிய ரோட்டரி டூலை ஒரு பிளக் மாற்றியை மட்டும் போட்டு இங்கே சொருகினால் மோட்டருக்கு ஏறக்குறைய இரட்டை மின்னழுத்தம் போகும். வேகம் தாறுமாறாக ஏறும், சுருள் கருகும், வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று அதற்கும் முன்னரே போய்விடும். பிளக் மாற்றி வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இதற்கு 230 ஐ 110 அல்லது 120 ஆக இறக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும், கருவியின் வாட் அளவைப்போல் இரண்டு மடங்காவது தாங்குவதாக. 175 வாட் கருவிக்கு 350 அல்லது 500 வாட் ட்ரான்ஸ்போமர். அது கனமானது, செலவும் ஆகும். 50, 60 ஹெர்ட்ஸ் வித்தியாசம் காபன் பிரஷ் போட்ட மோட்டருக்குப் பிரச்சினை இல்லை. பயணத்துக்கென்று விற்கும் கையடக்க மாற்றிகளை நம்ப வேண்டாம். முடி உலர்த்திக்கு ஓடுவது வேகக் கட்டுப்பாடு உள்ள மோட்டருக்கு ஓடாது.

லண்டன், பாரிஸ், சூரிச், பெர்லின், சிட்னி என்று எங்கிருந்து வந்தாலும் மின்னழுத்தம் நம்முடையதே. பிளக்கை மட்டும் கவனித்தால் போதும். லண்டன் பிளக் நமது 13 அம்பியர் சதுரமுனைச் சொக்கட்டில் நேரே போகும். பழைய வீடுகளில் இன்னும் உருண்டைமுனைச் சொக்கட்டுகள் இருக்கின்றன. அங்கே பிளக்கை ஒரு எலக்ட்ரீசியனைக் கொண்டு மாற்றிக்கொள்வது, ஆடுகிற மாற்றி ஒன்றைத் தொங்கவிடுவதைவிட நல்லது.

கனடாக்காரரிடம் கேட்பதென்றால் யு.எஸ்.பி. கேபிளில் சார்ஜ் ஆகும் சின்னப் பற்றரிக் கருவியைக் கேளுங்கள். எந்த நாட்டிலும் தொலைபேசி சார்ஜரில் ஏறும். 12 வோல்ட் பெரிய பற்றரி வகை என்றால் கருவியைப் பார்க்காமல் சார்ஜரைப் பாருங்கள்: அதில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருந்தால் இங்கே நேரே போடலாம், 120 என்று மட்டும் இருந்தால் போட முடியாது. இன்னொன்று: தனியாகக் கழற்றிய லிதியம் பற்றரியை விமானத்தில் சரக்குப் பெட்டிக்குள் போட விடமாட்டார்கள், கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். புறப்படும் முன்பே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

பற்றரியா, வயரா?

2022 இல் நாளில் பல மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். மாலையில் ஓய்வு கிடைக்கிற நேரத்தில்தான் மொடல் வேலை; அந்த நேரத்தில்தான் இருட்டும் வந்தது. பற்றரிக் கருவி வைத்திருந்தவர்கள் சார்ஜ் விளக்கின் வெளிச்சத்தில் வேலையைத் தொடர்ந்தார்கள். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் கிற் செய்பவருக்கு சின்னப் பற்றரிக் கருவியே போதும், பல வேளை அதுவே சிறந்தது. எடை குறைவு, பேனாவைப்போல் பிடிக்கலாம், வயர் இழுபடாது. இந்த வேலைக்குப் பலம் தேவையில்லை. நகம் அலங்கரிக்கும் இடங்களில் பாவிக்கிற மின்சார நகத் தேய்ப்பி ஒன்று உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. மெதுவாகவும் சுற்றும், 2.35 மி.மீ. தண்டு பிடிக்கும், கைப்பிடி மெலிவு. கிற்றின் உள்பக்கத்து முட்டுக்களைத் தேய்க்கவும் சின்ன ஓட்டைகளை விரிக்கவும் அது அருமையாக உதவும், விலையும் குறைவு. ஆனால் மரத்தைச் செதுக்க அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மரக் கப்பல், தேர் மொடல் செய்பவருக்கு வயர் உள்ள கருவியையே சொல்வேன். மணிக்கணக்கில் தேய்க்க வேண்டிய வேலை அது. பற்றரி நடுவில் இறங்கும், சில ஆண்டுகளில் பழுதாகும், அதே பற்றரி பிறகு கடையில் தட்டுப்படாது. 130 வாட் போதும். 175 வாட் தாராளம். அதற்கு மேலே பெட்டியில் எழுதியிருக்கும் வாட் கணக்குக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

வயர் கருவியின் குறை அதன் உடம்பு. அரைக் கிலோவுக்கு மேலே எடை, தடித்த கழுத்து. நுணுக்கமாகப் பிடிக்க முடியாது. இதற்குத்தான் வளையும் தண்டு என்ற இணைப்பு. மோட்டரை மேசைக்கு மேலே கொக்கியில் தொங்கவிட்டு, கேபிள் முனையில் உள்ள மெலிந்த கைப்பிடியால் வேலை செய்வது. நகைத் தொழிலாளர் தலைமுறையாகச் செய்வது இதையே. வயர் கருவி வாங்குபவர் 150 துணைச் சாமான் உள்ள பெட்டிக்குக் கொடுக்கிற மேலதிகக் காசை இந்த ஒரு இணைப்புக்குக் கொடுத்தால் கருவியின் பாவனையே மாறிவிடும். கேபிளைக் கூர்மையாக வளைக்காமல் பெரிய வளைவாக விடுங்கள். கூர்மையாக வளைத்தால் உள்ளே உள்ள கம்பி சூடேறி அறுந்துவிடும்.

எந்த மொடலுக்கு எது

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போன அன்னபூரணியை மொடலாகச் செய்ய ஆசைப்படுகிற பெடியள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி ஒரு பாய்க்கப்பலுக்கு ரோட்டரி டூல் எங்கே உதவும்? வங்குகளின் (கப்பலின் விலா மரங்களின்) விளிம்பைப் பலகை படியும்படி சரித்துத் தேய்க்க உருளை. பலகைகளைப் பொருத்தும் ஊசித்துளைகளுக்கு 1 மி.மீ. ட்ரில். கப்பிகளில் கயிறு போகும் பள்ளத்துக்குச் சின்ன உருண்டைப் பர். ஆனால் பலகையை நேராக அறுப்பது, தளத்தைச் சமமாக்குவது இரண்டுக்கும் இது உதவாது. நேர்கோட்டுக்கு நல்ல கத்தியும் இரும்பு அடிமட்டமும், சமதளத்துக்குப் பலகைத்துண்டில் ஒட்டிய அரத்தாளும் வேண்டும். சுற்றுகிற கருவி சமதளத்தில் குழி மட்டுமே போடும்.

தேர், சப்பறம், வாகனம் செய்பவர்களுக்குச் செதுக்கல்தான் வேலை. வேம்பும் தேக்கும் உருக்கைவிடக் கடினமான கார்பைட் பர்ருக்கு நன்றாக வசப்படும். பனையின் வைரம் தனிக் கதை. கறுத்த நார் மிகக் கடினம், அதைச் சுற்றியுள்ள சோறு மெது. சாதாரண உருக்குப் பிட் மெதுவானதைத் தோண்டிவிட்டு நாரில் வழுக்கும், மேற்பரப்பு வரிவரியாகும். கூரான கார்பைட் பர், கொஞ்சம் கூடிய வேகம், மிக மெல்லிய தொடுகை. சிரட்டையும் இதே கார்பைட் பர்ருக்குத்தான் கேட்கும். இரண்டின் தூளும் மிக நுண்ணியது. மூக்குக்குள் போவதைப்போலவே மோட்டரின் காற்றுத் துவாரத்துக்குள்ளும் போகும். வேலை முடிந்ததும் பழைய பெயின்ற் பிரஷால் துவாரங்களைத் தட்டிவிடுங்கள். கரையோரத்தில் இருப்பவர்கள் கொலெட்டைக் கழற்றி எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்த கொலெட் நேராகக் கவ்வாது.

நூலகம், கோட்டை, கோயில் கோபுரம் என்று பாடசாலைக் கண்காட்சிக்கு ரெஜிபோமில் செய்பவர்களுக்கு இந்தக் கருவியே தேவையில்லை. சூடான கம்பியும் கூரான கத்தியும் போதும்.

பிட்கள்

150 துணைச் சாமான் என்று விற்கும் பெட்டியைத் திறந்தால் நூறுக்கு மேல் சின்ன வெட்டுத்தட்டுகளும் அரத்தாள் வளையங்களுமாகத்தான் இருக்கும். தரமான நாலைந்து பிட் அதைவிட மேல். முதலில் வாங்க வேண்டியது உருண்டை, உருளை, கூம்பு வடிவக் கார்பைட் பர்கள். ஒவ்வொன்றும் 3 மி.மீ. அளவில். மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் அவையே ஓடும். 6 மி.மீ. தேய்ப்பு உருளை ஒன்று. பிளாஸ்டிக்கில் 13 மி.மீ. உருளையைவிட இதுவே பாதுகாப்பு, மேலே சொன்ன விளிம்புக் கணக்கால். 0.5 முதல் 2 மி.மீ. வரை ட்ரில் பிட்கள். வைரத்தூள் பூசிய பிட்கள் மலிவாகக் கிடைக்கும், கண்ணாடிக்கும் கல்லுக்கும் நல்லவை. பிளாஸ்டிக்கில் அவை அடைத்துக்கொள்ளும்.

ஒரு மி.மீ. க்குக் குறைந்த துளையை மோட்டரால் போடாதீர்கள். விரலால் சுழற்றும் கைச் சக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் அது உருக்காது, நழுவாது, விலையும் மிகக் குறைவு. ரோட்டரி டூல் வாங்க முன்னரே அதை வாங்கலாம்.

வெட்டுத்தட்டைப் பற்றி

இந்தக் கருவியில் உண்மையாக ஆபத்தானது வெட்டுத்தட்டு. 24 மி.மீ. தட்டு 35,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 158 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. மெல்லிய தட்டின் தடிப்பு அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல்தான். பக்கவாட்டில் கொஞ்சம் சரித்தாலே நொறுங்கும், துண்டு நேரே முகத்துக்கு வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பார்வைக்கு அணியும் மூக்குக்கண்ணாடி பக்கத்தை மறைக்காது, அது போதாது. முகத்தைத் தட்டின் நேரே வைக்காமல் ஒதுக்கி வையுங்கள். நார்க்கண்ணாடி இழை சேர்த்த தட்டுகள் சற்றுத் தடிப்பு, ஆனால் இப்படி நொறுங்குவதில்லை. தொடங்குபவர் அதையே வாங்க வேண்டும்.

கம்பிப் பிரஷுக்கு 15,000 சுற்றுதான் எல்லை. அதற்கு மேலே போனால் கம்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்று ஊசியாகப் பறக்கும், சட்டையைத் தாண்டித் தோலில் குத்தும். பிட்டின் மேலட்டையில் எழுதியிருக்கும் உச்சச் சுற்றை எப்போதும் பாருங்கள். கருவி போகக்கூடிய வேகம் வேறு, பிட் தாங்கக்கூடிய வேகம் வேறு.

துணிக் கையுறை போடக் கூடாது. நூல் ஒன்று சிக்கினால் விரலையும் இழுக்கும். சால்வை, தளர்ந்த கை, விரித்த கூந்தல், கழுத்துச் சங்கிலி எல்லாம் விலக வேண்டும். எபொக்சி, பூட்டி, நார்க்கண்ணாடி தேய்க்கும்போது வெறும் துணி முகமூடி தூசியை நிறுத்தாது, என்.95 தரம் வேண்டும். நம்முடைய வெக்கையில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு வேலை செய்யத்தான் மனம் வரும். தேய்க்கும் நேரம் மட்டும் அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தூசி வீடு முழுக்கப் போய்ச் சின்னப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் இறங்கும். முடிந்தால் விறாந்தையில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். வெக்கையில் கருவியும் சீக்கிரம் சூடேறும். பிடிக்க முடியாத அளவு சுட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். ஆறும் நேரத்தில் கையால் செய்யக்கூடிய வேலை மொடலில் எப்போதும் இருக்கும்.

கருவி வந்த முதல் நாள் மொடலைத் தொடாதீர்கள். கிற்றில் பாகங்களை எடுத்த பிறகு மிஞ்சும் சட்டத்தையும் மரக்கழிவையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு பிட்டையும் ஒவ்வொரு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். துகள் தூளாக விழுந்தால் வேகம் சரி. இழையாக இழுபட்டால் வேகத்தைக் குறையுங்கள். மரம் கறுத்தால் ஒன்றில் வேகம் கூட, அல்லது பிட் மழுங்கிவிட்டது. கருவியை எந்தப் பக்கம் நகர்த்தினால் பிட் தானாக இழுத்துக்கொண்டு ஓடுகிறது, எந்தப் பக்கம் நகர்த்தினால் அடக்கமாக வெட்டுகிறது என்றும் கண்டுபிடியுங்கள். எப்போதும் அடக்கமாக வெட்டும் திசையில் போங்கள்.

வாங்கும்போது கடைசியாக ஒன்று கேளுங்கள்: இதற்குக் காபன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா? வயர் கருவிகளில் மோட்டருக்குள் இரண்டு சின்னக் காபன் கட்டிகள் தேய்ந்துகொண்டே இருக்கும். தேய்ந்து முடிந்தால் கருவி விட்டுவிட்டு ஓடும், பொறி பறக்கும், பிறகு நிற்கும். உடம்பின் இரண்டு பக்கமும் திருகி மூடிய சின்ன வட்டங்கள் தெரிந்தால் அவற்றை நீங்களே மாற்றலாம். அந்த வட்டங்கள் இல்லாத கருவியில் முழு உடம்பையும் கழற்ற வேண்டும். கடைக்காரர் ஒரு சோடி எடுத்துத் தந்தால் கருவியோடு சேர்த்தே வாங்கி, பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.